சாம்பல் என்னும் சொல்லும் யாக்கிமா நகரும்

எரிமலைகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மலையையே எழுதினர். மலை வெடித்த நேரம், புகை எழுந்த உயரம், மாண்டவர் தொகை ஆகியன நூல்களில் இடம்பெறும். மலைக்கு நெடுந்தொலைவில் இருந்து, உயிர்தப்பி, மறுநாள் காலையில் மண்வெட்டியைக் கையில் எடுத்த ஊர்களின் கதை நகராட்சிக் கணக்கேடுகளோடு நின்றுவிடுகிறது. அத்தகைய ஊர்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாக்கிமா. 1980ஆம் ஆண்டின் கோடையில் அந்நகரம் செய்த துப்புரவுப் பணி, ஒரு பொருளுக்கு இடப்பட்ட பெயர் அப்பொருளை எவ்வளவு மறைக்கக்கூடும் என்பதற்கும் ஒரு சான்றாகும்.

மலையும் அதன் பெயர்களும்

வெடித்த மலையின் பெயர் செயின்ட் ஹெலன்ஸ். 1792இல் அக்கடற்கரையை அளந்து சென்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர், தம் நாட்டுத் தூதர் ஒருவரின் பட்டப்பெயரை அம்மலைக்குச் சூட்டினார். தூதருக்கும் மலைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அம்மண்ணின் தொல்குடியினருள் ஒருவரான கௌலிட்ஸ் மக்கள் அதனை ‘லவெட்லட்லா’ என்றழைத்தனர். புகைவது என்பது அதன் பொருள். மலையின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் இட்ட பெயரில் எச்சரிக்கை இருந்தது. வரைபடத்தில் ஏறிய பெயரில் அது இல்லை.

1980ஆம் ஆண்டு மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32 மணிக்கு நிலநடுக்கம் ஒன்றை அடுத்து மலையின் வடபுறம் முழுதாகச் சரிந்தது. மூடி திறந்த கலம்போல் உள்ளிருந்த அழுத்தம் வெளிப்பட்டது. மலையின் உயரம் ஏறத்தாழ 400 மீட்டர் குறைந்தது. 57 பேர் உயிரிழந்தனர். கால் மணி நேரத்துக்குள் சாம்பல் தூண் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. அன்று காற்று கிழக்கு நோக்கி வீசிக்கொண்டிருந்தது.

மலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது யாக்கிமா. அப்போது அதன் மக்கள் தொகை சற்றேறக்குறைய 50,000. மலைத்தொடரின் மழை மறைவுப் பக்கத்தில் அமைந்த வறண்ட பள்ளத்தாக்கு அது. ஆற்று நீர்ப்பாசனத்தால் விளைந்த ஆப்பிள் தோட்டங்களே அவ்வூரின் வாழ்வு. காலை 9.45 மணியளவில் சாம்பல் மேகம் அந்நகரை அடைந்தது. பகல் இரவாயிற்று. தெருவிளக்குகள் எரிந்தன. வானிலிருந்து ஓசையின்றிப் பொடி இறங்கிக்கொண்டேயிருந்தது. அது நின்றபோது கூரைகள், சாலைகள், மரங்கள், வண்டிகள் யாவும் ஒரே சாம்பல் நிறமாய்க் கிடந்தன.

பெயர் தந்த மயக்கம்

வீழ்ந்ததைச் சாம்பல் என்றே எல்லோரும் அழைத்தனர். ஆங்கிலச் சொல்லும் அடுப்புச் சாம்பலுக்கு வழங்கும் அதே சொல்தான். தமிழிலும் எரிமலைச் சாம்பல் என்றே எழுதுகிறோம். சாம்பல் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது அடுப்பில் விறகு எரிந்து எஞ்சுவது. ஊதினால் பறப்பது, நீரில் கலந்தால் கரைந்தோடுவது, பாத்திரம் துலக்கக் கைகொடுப்பது. எரிந்து முடிந்தது, இனித் தீங்கற்றது என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே உண்டு.

யாக்கிமாவில் வீழ்ந்தது எதுவும் எரிந்ததன் எச்சமன்று. அது பொடியான பாறை. பாறைக்குழம்பு நொடியில் குளிர்ந்து உடைந்த கண்ணாடித் துகள். அது நீரில் கரையாது. நனைந்தால் கனத்துக் குழம்பாகும்; படிந்து இறுகும். ஈரமான நிலையில் மின்சாரத்தைக் கடத்தும். இயந்திரத்தினுள் புகுந்தால் உப்புத்தாள்போல் தேய்க்கும். மூச்சில் கலந்தால் நெஞ்சை உறுத்தும். காய்ந்து கிடந்தால் ஒவ்வொரு வண்டி செல்லும்போதும் மீண்டும் எழுந்து, பெருக்கிய இடத்திலேயே வந்து படியும்.

அளவும் கண்ணை ஏமாற்றியது. நகரில் படிந்தது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமே. காலால் தள்ளிவிடலாம் என்று தோன்றும் அளவு. ஆனால் நகர எல்லைக்குள் வீழ்ந்ததன் எடை 6,00,000 டன் என மதிப்பிடப்பட்டது. கைக்குழந்தை முதல் முதியவர் வரை தலைக்கு 12 டன். பெய்த பனியை ஒதுக்கும் வண்டிகள் அந்நகரிடம் இருந்தன. பனிக்காலம் அவ்வூருக்குப் புதிதன்று. பனியோ ஒதுக்கி வைத்தால் தானே உருகி ஓடிவிடும். இப்பொடி ஒதுக்கிய இடத்திலேயே கிடக்கும். ஒவ்வொரு கூடையையும் அள்ளி, ஏற்றி, கொண்டுபோய்க் கொட்டியே தீரவேண்டும்.

நீரின் வழியும் மண்வெட்டியின் வழியும்

யாக்கிமாவின் ஆட்சிமுறை எளிமையானது. மக்கள் தேர்ந்தெடுக்கும் எழுவர் கொண்ட நகர மன்றம் கொள்கையை வகுக்கும். மன்றம் அமர்த்தும் நகர மேலாளர் அதனை நடத்துவார். 1980இல் அப்பொறுப்பில் இருந்தவர் ரிச்சர்ட் ஸைஸ். பதவியேற்று நெடுநாள் ஆகாதவர். நடுவணரசின் பேரிடர் மேலாண்மை நிறுவனமும் முந்திய ஆண்டில்தான், 1979இல், தோன்றியது. ஓர் அமெரிக்க நகரம் இவ்வளவு எரிமலைப் பொடியை அகற்றிய முன்னுதாரணம் எவரிடமும் இல்லை. மே 21 அன்று மாநிலம் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. உதவிப் பணத்துக்கு வழி பிறந்தது. எனினும், அள்ளுவது எப்படி என்பதை அந்தந்த ஊரே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதற்பாடம் நீரைப் பற்றியது. அழுக்கைக் கண்டால் நீர் ஊற்றிக் கழுவுதல் மனித இயல்பு. சாம்பல் என்னும் பெயரும் அதற்கே தூண்டியது. கூரையிலும் முற்றத்திலும் தெருவிலும் இருந்த பொடி, கழுவிய நீரோடு வடிகால்களுக்குள் இறங்கியது. கண்முன் இருந்தது மறைந்தது. மறைந்தது எங்குச் சென்றது என்பது நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தெரிந்தது. சாம்பல் வீழ்ந்த மறுநாளே அங்கு வழக்கத்தைப் போல் ஏறத்தாழ 15 மடங்குத் திண்மப் பொருள் வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த நாள்களில் இயந்திரங்கள் அதிர்ந்தன, பற்சக்கரங்கள் பழுதாயின. நிலையத்தைக் காக்க வேண்டுமெனில் கழிவுநீரை உள்ளே விடாதிருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. முழுமையாகச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர், குளோரின் மட்டும் கலக்கப்பட்டு, சில நாள்கள் யாக்கிமா ஆற்றில் விடப்பட்டது. அந்நிலையத்துக்கு நேர்ந்த சேதம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர்.

இரண்டாம் வழி மண்வெட்டியின் வழி. கிழக்கு வாஷிங்டன் ஊர்கள் அக்கோடையில் கண்டறிந்த முறை இது. பொடியின்மேல் மென்மையாக நீர் தெளிக்க வேண்டும். தூசி எழாத அளவுக்கு மட்டும். மிகுந்தால் குழம்பாகிவிடும். பின்னர், சாலை சமன்செய்யும் வண்டிகளால் வழித்துக் குவிக்க வேண்டும். குவியலை லாரிகளில் ஏற்ற வேண்டும். எஞ்சியதைப் பெருக்க வேண்டும். இவ்வாறு பத்து வாரங்கள் யாக்கிமாவில் பணி நடந்தது. செலவு 22 லட்சம் டாலர்.

இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். நகரம் முழுவதன் சாம்பலையும் அள்ளிக் கொட்டப் பத்து வாரங்களில் செலவான பணத்தைக் காட்டிலும், நீரோடு போகவிட்ட ஒரு பகுதி ஒரே ஒரு நிலையத்தில் விளைத்த இழப்பு ஏறத்தாழ இருமடங்கு. அள்ளுதல் கடினமாகவும் கழுவுதல் எளிதாகவும் தோன்றின. கணக்கு எதிர்மாறாக முடிந்தது.

கூரை முதலில், தெரு பின்னர்

இரண்டாம் பாடம் வரிசையைப் பற்றியது. தெருவை நகராட்சி சுத்தம் செய்த மறுநாள் ஒருவர் தம் கூரையைப் பெருக்கினால், அத்தெரு மீண்டும் சாம்பலாகும். ஒரு வீட்டார் தம் முற்றத்தைத் துடைத்தால், காற்று அண்டை வீட்டின் கூரையிலிருந்து கொண்டுவந்து அதனை நிரப்பும். ஆண்டு முழுவதும் மழை மிகக் குறைவாகவே பெய்யும் அவ்வூரில் வானம் வந்து கழுவித் தரும் என்று காத்திருக்கவும் இயலாது. ஆகவே கூரை முதலில், முற்றம் அடுத்து, தெரு இறுதியில். அதுவும் ஒரு வட்டாரத்தார் அனைவரும் ஒருசேர என்பதே பயன் தரும் முறை என்பது தெளிவாயிற்று.

தனியுடைமையை நன்கு மதிக்கும் ஒரு சமூகத்தில் இது எளிய செய்தியன்று. வேலிக்கு உட்பட்டது தன்னுடையது, வெளிப்பட்டது பிறருடையது என்னும் எல்லையைச் சாம்பல் மதிக்கவில்லை. தன் வாயிலை மட்டும் துடைப்பவர், தன் பொடியைப் பிறர் வாயிலுக்கு அனுப்புபவர் ஆகிறார். நகராட்சி செய்த வேலையில் பெரும்பகுதி, மக்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையை ஒரே நாளில், ஒரே திசையில், ஒரே வரிசையில் நடக்கச் செய்ததே எனலாம்.

அச்சமும் உடன் இருந்தது. மே 18க்குப் பின்னும் மலை அடங்கவில்லை. மே 25, ஜூன் 12, ஜூலை 22, ஆகஸ்டு 7, அக்டோபர் நடுப்பகுதி என அவ்வாண்டில் மேலும் ஐந்து முறை அது வெடித்தது. இன்று அள்ளியது நாளை மீண்டும் வீழாது என்று எவரும் உறுதி கூற இயலாத நிலையில்தான் அம்மக்கள் அள்ளிக்கொண்டிருந்தனர்.

கொட்டும் இடம்

அள்ளியதை எங்கே கொட்டுவது என்பது மூன்றாவது கேள்வி. இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1973இல், ஐஸ்லாந்து நாட்டின் ஹெய்மே தீவில் இருந்த ஒரு மீன்பிடி நகரம் இதே கேள்வியைச் சந்தித்திருந்தது. அவ்வூரார் ஊரை மூடிய எரிமலைத் துகளை அகற்றி, விமான ஓடுபாதையை நீட்டவும் புதிய வீடுகளுக்கு நிலம் அமைக்கவும் பயன்படுத்திக்கொண்டனர். வாஷிங்டன் மாநிலத்தில் பழைய கற்சுரங்கக் குழிகளும் குப்பை கொட்டும் நிலங்களும் பயன்பட்டன. போதாத இடங்களில் புதியன தேடப்பட்டன. சில இடங்களில் பிற்காலத் தொழிற்பயன் கருதி எளிதில் எடுக்குமாறு சேமித்தும் வைத்தனர். கொட்டிய குன்றுகளைக் காற்று மீண்டும் ஊருக்குள் கொண்டுவராதிருக்க, சிலவற்றின்மேல் வளமண் பரப்பிப் புல் விதைத்தனர்.

தோட்டங்களைப் பொறுத்தவரை, அஞ்சிய அளவுக்குத் தீங்கு நேரவில்லை. சாம்பல் கனமாகப் படிந்த இடங்களில் பயிர்கள் அழிந்தன. மெல்லியதாகப் படிந்த நிலங்களில் அது மண்ணின் ஈரத்தைக் காத்தது. கோடையில் மழையும் சற்றே மிகுந்தது. அவ்வாண்டின் ஆப்பிள், கோதுமை விளைச்சல் வழக்கத்தைவிட மிகுதியாகவே இருந்தது. நகரத்தைத் திணறவைத்த அதே பொருள் வயலில் போர்வையாயிற்று.

யாக்கிமாவின் பத்து வாரங்கள் பின்னாளில் எரிமலை நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பாடமாயின. குறிப்பாக அதன் கழிவுநீர் நிலையத்தின் கதை, பிற நகரங்களுக்கான எச்சரிக்கைகளில் தொடர்ந்து எடுத்துக்காட்டப்படுகிறது. சாம்பலை வடிகாலில் விடாதீர் என்னும் அறிவுரைக்குப் பின்னால் இவ்வூர் செலுத்திய விலை இருக்கிறது.

சொற்களையே தொழிலாகக் கொண்டோர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. ஒரு பெயர் பொருளுக்குச் சற்றே தவறிப் பொருந்தினாலும், அதனை நம்பிச் செயல்படும் ஊரார் அத்தவற்றின் சுமையைத் தோளில் ஏற்கிறார்கள். மலையைப் புகைவது என்றழைத்தவர்கள் நேராகப் பார்த்துப் பெயரிட்டார்கள். பாறைப் பொடியைச் சாம்பல் என்றழைத்த ஊர், அது பாறைதான் என்பதை மண்வெட்டியின் கனத்தால் அறிந்துகொண்டது.