கொமோரோஸ் தூண்டிலில் சிக்கிய கொம்பெஸ்ஸா

ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் இடையே கிடக்கும் கொமோரோஸ், எரிமலைத் தீவுக்கூட்டம். கரையை விட்டுச் சற்று விலகினாலே கடலடி செங்குத்தாக இறங்கிவிடும். அங்குள்ள மீனவர்கள் இரவில் சிறு மரத்தோணியில் போய், கல் கட்டிய தூண்டில் கயிற்றை அந்த ஆழத்துக்கு விடுவார்கள். அவர்கள் தேடிப்போவது கொழுப்பு மிகுந்த நெஸ்ஸா மீனை. எப்போதாவது அதற்குப் பதிலாக, ஆள் நீளத்தில், நீல உடலில் வெள்ளைத் திட்டுகளோடு கொம்பெஸ்ஸா ஏறிவரும். எண்ணெய் வடியும் அதன் இறைச்சிக்குப் பெரிய மதிப்பில்லை. சொரசொரப்பான செதில், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுமுன் தேய்க்க உதவியது.

அறிவியல் உலகமோ, சீலகாந்த் என்று தான் அழைக்கும் இந்த மீனினம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக நம்பியிருந்தது. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், இழுவலைக் கப்பலில் வந்த மீன்குவியலுக்குள் ஒன்றைக் கண்டெடுத்தார் அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர். ஆனால் மீனியல் அறிஞர் ஜே.எல்.பி. ஸ்மித் வந்து பார்ப்பதற்குள் உள்ளுறுப்புகள் அழுகி, வீசப்பட்டுவிட்டன. இன்னொன்று வேண்டும் என்று அவர் தவித்தார். 100 பவுண்டு பரிசு அறிவித்து மூன்று மொழிகளில் துண்டறிக்கை அச்சிட்டார்.

14 ஆண்டுகள் ஓடின. 1952 டிசம்பரில் அஞ்சுவான் தீவின் அகமதி அப்துல்லா தூண்டிலில் ஒன்று சிக்கியது. மறுநாள் சந்தையில் வெட்டப்படவிருந்த அதை, துண்டறிக்கையைப் பார்த்திருந்த ஆசிரியர் ஒருவர் தடுத்தார். மலைகளைக் கடந்து, தீவின் மறுகரையில் நின்றிருந்த எரிக் ஹன்ட் என்ற கப்பல் தலைவரிடம் அதைச் சுமந்துபோனார்கள். ஸ்மித் அங்கே போய்ச் சேர, தென்னாப்பிரிக்கப் பிரதமர் மாலன் ராணுவ விமானம் கொடுத்தார். கப்பல் தளத்தில் மண்டியிட்டு அந்த மீனைப் பார்த்த ஸ்மித் அழுதுவிட்டார்.

லாட்டிமரின் பெயர் இந்த மீனின் அறிவியல் பெயரிலேயே இருக்கிறது. அப்துல்லாவின் பெயரும் அதே மரியாதையோடு சொல்லப்பட வேண்டும்.

உயிரோடு இந்த மீன் எப்படி நடந்துகொள்கிறது என்பதை 1987இல்தான் ஹான்ஸ் ஃபிரிக்கே குழு நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தது. பகலில் எரிமலைக் குகைகளில் கூட்டமாகப் பதுங்கியிருக்கும் அவை, இரவில் இரைதேடி மெல்ல மிதந்து வருகின்றன. நான்கு கால் விலங்கு நடப்பதுபோல், சதைப்பற்றுள்ள இணைத்துடுப்புகளை மாற்றி மாற்றி அசைக்கின்றன. சில வேளை தலைகீழாக நிற்கின்றன! மூக்குப் பகுதியில் மின்புலத்தை உணரும் உறுப்பு ஒன்றும் உண்டு.

குளிர்ந்த ஆழத்துக்குப் பழகிய இம்மீன், தூண்டிலோடு வெதுவெதுப்பான மேல்நீருக்கு வந்தால் சில மணி நேரத்தில் இறந்துவிடும். 1989இல் இதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. செதில் வளையங்களை எண்ணி 2021இல் வெளியான ஆய்வின்படி இதன் ஆயுள் சுமார் 100 ஆண்டுகள். குட்டியை வயிற்றில் சுமப்பது சுமார் 5 ஆண்டுகள்.