மயக்கமருந்துச் சுவாசவழிக் கருவிகள்

மயக்கமருந்துச் சுவாசவழிக் கருவிகள் என்பன, முழு மயக்கத்தில் உள்ள நோயாளியின் நுரையீரலுக்கு ஆக்சிசன் தடையின்றிச் செல்ல உதவும் கருவிகள் ஆகும். முழு மயக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து சுவாசவழியை அடைக்கக்கூடும். இருமல் முதலிய தற்காப்பு வினைகளும் ஒடுங்கிவிடுவதால், வயிற்றில் உள்ளவை மேலெழுந்து நுரையீரலுக்குள் புகும் இடர் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் 6 மணி நேரம் திட உணவு உண்ணக் கூடாது என்று கூறப்படுவது இதனாலேயே ஆகும்.

வகைகள்

மூச்சுக்குழாய்க் குழல் வாய் அல்லது மூக்கு வழியாகக் குரல்நாண்களுக்கு இடையே செலுத்தப்படுகிறது. அதன் நுனியருகே உள்ள காற்றுப்பை மூச்சுக்குழாயில் கசிவைத் தடுக்கிறது. பையின் அழுத்தம் பொதுவாக 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் வைக்கப்படும். மிகுந்தால் மூச்சுக்குழாய்ச் சுவரின் குருதியோட்டம் தடைப்படும். குறைந்தால் காற்றுக் கசியும்.

குரல்வளை முகமூடியைப் பிரித்தானிய மருத்துவர் ஆர்ச்சி பிரெயின் 1981ஆம் ஆண்டு முதன்முதலாகப் பயன்படுத்தினார். 1988இல் இது விற்பனைக்கு வந்தது. இது மூச்சுக்குழாய்க்குள் நுழையாமல் குரல்வளையின் மேல் அமர்கிறது. பொருத்துவது எளிது, தொண்டை வலியும் குறைவு. ஆனால் வயிற்று நீர் நுரையீரலுக்குள் செல்வதை இது முழுமையாகத் தடுப்பதில்லை. இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, வயிற்று நீர் வெளியேறத் தனி வழி கொண்ட இரண்டாம் தலைமுறைக் கருவிகள் உருவாயின. 2000ஆம் ஆண்டில் வந்த புரோசீல், காற்று நிரப்பத் தேவையற்ற மென்விளிம்பு கொண்ட ஐ-ஜெல் ஆகியன இவ்வகையின.

செயற்றிறன்

எந்த அழுத்தத்தில் கருவியின் விளிம்பில் காற்றுக் கசியத் தொடங்குகிறது என்பது முதன்மையான அளவீடு. முதல் தலைமுறை முகமூடியில் இது ஏறத்தாழ 20 செ.மீ. நீரழுத்தம், புரோசீலில் ஏறத்தாழ 30. எனினும் இவ்வெண்ணை மட்டும் கொண்டு பாதுகாப்பை மதிப்பிட இயலாது. உணவு உண்ட வயிறுடன் வரும் நோயாளிக்குச் சிறந்த முகமூடியும் பொருத்தமற்றதாகலாம்.

பாதுகாப்பு

2011இல் வெளியான பிரித்தானியத் தேசியத் தணிக்கை, ஓராண்டில் அந்நாட்டில் வழங்கப்பட்ட ஏறத்தாழ 29 இலட்சம் முழு மயக்கங்களை அடிப்படையாகக் கொண்டது. அதில் மயக்கமருந்து தொடர்பான 133 கடுஞ்சிக்கல்கள் பதிவாயின. 16 பேர் இறந்தனர். இறப்புக்கு மிகப் பொதுவான காரணம் வயிற்று நீர் நுரையீரலுக்குள் புகுந்ததே. மேலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிகழ்வுகள் மயக்கம் தெளியும்போதோ அதன் பின்னரோ நேர்ந்தன. குழலைச் செலுத்துவதே இடர் மிகுந்தது என்பது பொதுவான எண்ணம். அகற்றுவதும் அதற்குக் குறைந்ததன்று.

புதுச்சேரியின் பங்கு

அனைத்திந்தியக் கடினச் சுவாசவழிச் சங்கம் 2016இல் பல வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றுள், குழலை அகற்றுவது கடினமாக இருக்கும் என எதிர்பார்க்கப்படும் நோயாளிகளுக்கான வழிகாட்டுதலின் முதல் ஆசிரியர், அப்போது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மயக்கவியல் பேராசிரியராக இருந்த பங்கஜ் குந்த்ரா ஆவார். குழலை அகற்றுதல் அவசரச் செயலன்று, அதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும் என இது வலியுறுத்துகிறது. நாட்பட்ட தைராய்டு வீக்கம், உடற்பருமன், உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவை உள்ளோருக்குக் குழலை எடுத்தபின் சுவாசவழி ஒடுங்கக்கூடும். அகற்றும் நேரம் முழுவதும் ஆக்சிசன் தொடர்ந்து தரப்பட வேண்டும். இருமலோ குருதியழுத்த உயர்வோ ஏற்படக் கூடாத நோயாளிகளில், ஆழ்ந்த மயக்கத்திலேயே குழலை எடுத்துவிட்டு, விழிக்கும் வரை குரல்வளைக்கு மேல் அமரும் கருவியை இடைக்காலத் துணையாகப் பயன்படுத்தலாம்.