முற்றத்தை மூடாதீங்கப்பா!

1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தப்போ, எங்க கொள்ளுத்தாத்தா வீட்டுக்கு முப்பது வயசு. கூரை 'மெட்ராஸ் டெரஸ்': தேக்குக் கட்டைகள் மேல சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தா அடுக்கி, சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி, அதுக்கு மேல தட்டோடு. அந்தத் தடிமன் வெயிலை மெதுவாத்தான் உள்ளே விடும். ராத்திரி முற்றம் வழியா சூடு வெளியே போயிடும்.

போன சித்திரையில், ஏசி போடறோம்னு முற்றத்துக்கு மேல தகரம் அடிச்சோம். மத்தியானம் தகரம் கொதிச்சுது, மாசக் கடைசியில கரண்ட் பில்லும் கொதிச்சுது!

இப்போ தகரத்தைப் பிரிச்சாச்சு. மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. பாட்டி அறையில மட்டும் ஏசி, அதுவும் 24 டிகிரி. (2020-லிருந்து நட்சத்திர முத்திரை போட்ட புது ஏசி எல்லாம் அதுலதான் ஆரம்பிக்குது.)

கொள்ளுத்தாத்தா ஏன் அப்படிக் கட்டினார்னு முதல்லயே யோசிச்சிருக்கணும். என்ன சொல்றீங்க மக்களே?