கடைகளில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துதல்: அடுகோடியும் இந்தியச் சட்டமும்

கடை, சந்தை, பேரங்காடி போன்ற வணிக இடங்களுக்குப் பிறர் கண்ணில் படும்படி துப்பாக்கியோடு செல்வது, அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் ஏற்கும் வழக்கம். இந்தியாவில் அதற்கு இடமில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கியானாலும் பொது இடத்தில் உறையிலிட்டு, முழுவதும் மூடி எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே இங்குள்ள விதி. பெங்களூரின் தென்பகுதியில் உள்ள அடுகோடியில் ஆயுதக் காவல் படையும் பெரிய வணிக வளாகமும் அருகருகே இருக்கின்றன. எனவே அங்கு யார் துப்பாக்கி ஏந்தலாம், யார் ஏந்தக் கூடாது என்ற வரம்பை நேரில் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

இடப்பின்னணி

அடுகோடி, ஓசூர் சாலையை ஒட்டி, கோரமங்களா, வில்சன் கார்டன், லக்கசந்திரா ஆகிய பகுதிகளுக்கு நடுவே அமைந்தது. 1923-இல் தொடங்கிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையமும், மைக்கோ என்ற பழைய பெயரால் இன்றும் அறியப்படும் பாஷ் தொழிற்சாலையும் இப்பகுதியின் நெடுநாள் அடையாளங்கள். பால்பண்ணை நிலையத்தால்தான் அருகிலுள்ள சந்திப்புக்கு டெய்ரி சர்க்கிள் என்று பெயர் வந்தது. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு ஆகிய நான்கும் இத்தெருக்களில் புழங்குகின்றன.

பெங்களூரு மாநகரக் காவல்துறையின் ஆயுதப்படைத் தென்பிரிவு அடுகோடியில் இயங்குகிறது. மாநகர ஆயுத ரிசர்வ் என்னும் இந்தப் படையினர் முக்கியப் பிரமுகர்களுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் காவல் நிற்கிறார்கள். கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். கலவரம் மூண்டால் முதலில் இறக்கப்படுகிறார்கள். காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவும் இங்கேயே உள்ளது. இதே பகுதியில் ஓசூர் சாலையில் 2004-இல் ஃபோரம் மால் திறக்கப்பட்டது. பெங்களூருக்குப் பேரங்காடிப் பண்பாட்டை அறிமுகப்படுத்திய முதல் வளாகங்களில் ஒன்றான அது, இப்போது நெக்ஸஸ் கோரமங்களா என்ற பெயரில் இயங்குகிறது. அதன் வாசலில் வருவோரின் பைகள் சோதிக்கப்படுகின்றன. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, இந்திய நகரங்களின் பேரங்காடிகளில் இத்தகைய சோதனை இயல்பாகிவிட்டது.

சட்ட வரலாறு

1857 எழுச்சிக்குப் பின் ஆங்கில அரசு இந்தியர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த 1878 ஆயுதச் சட்டம், இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் பெற வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கோ விலக்கு அளித்தது. தேசிய இயக்கத்தினர் இந்த இனப் பாகுபாட்டை ஓர் இழிவாகவே கருதினர். 1930-இல் காந்தி, வைஸ்ராய் இர்வின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமங்களை மக்கள் கட்டுப்பாட்டின் கீழ் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. 1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானமும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் ஏந்தும் உரிமையைக் குறிப்பிட்டது.

விடுதலைக்குப் பின் இந்தப் போக்கு மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அடிமைப்பட்டிருந்தபோது ஆயுத உரிமை கேட்டவர்கள், தாமே ஆளும் நாட்டில் கூடிப் பேசும் உரிமையை ஆயுதத்திலிருந்து பிரித்து வைத்தார்கள். பொது இடங்களில் ஆயுதம் ஏந்துவது குறித்த இந்திய விதிகளும் அந்த முடிவோடு ஒத்துப்போகின்றன.

1878 சட்டத்துக்குப் பதிலாக வந்த 1959 ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 1962 ஆயுத விதிகளின் இடத்தை 2016 ஆயுத விதிகள் பிடித்தன. 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை, இந்தியாவில் அப்படிப்பட்ட உரிமை யாருக்கும் வழங்கப்படவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில், உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவதைத் தானாக முன்வந்து கவனத்தில் எடுத்தபோது எடுத்துரைத்தது.

தற்போதைய விதிகள்

பெங்களூரு மாநகர எல்லைக்குள் துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் ஆணையரிடம் உள்ளது. விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். அவரைப் பற்றி உள்ளூர் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் 2016 விதிகள் வலியுறுத்துகின்றன. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் தானியங்கி ஆயுதங்களும் தடைசெய்யப்பட்ட ரகத் துப்பாக்கிகளும் பொதுமக்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. சாதாரண உரிமதாரரிடம் இருப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், இல்லையென்றால் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி.

உரிமம் கிடைத்துவிட்டால் ஆயுதத்தை எப்படி வேண்டுமானாலும் கொண்டு திரியலாம் என்பது பரவலான தவறான எண்ணம். 2016 விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்குரிய உறையில் இட்டு உடலோடு பொருத்தியோ பைக்குள் வைத்தோதான் எடுத்துச் செல்ல வேண்டும். நீளத் துப்பாக்கிகளுக்கும் உறை கட்டாயம். ஆயுதம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். பொது இடத்தில் அதை வீசிக் காட்டுவதும் சுடுவதும் தடை. திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டுசெல்லக் கூடாது என்பது உரிமத்திலேயே அச்சிடப்படும் நிபந்தனை.

எனவே சட்டையை ஒதுக்கி இடுப்பில் பிஸ்டல் தெரியக் கடை கடையாக ஏறி இறங்கும் ஒருவர், உரிமம் வைத்திருந்தாலும் விதியை மீறுகிறார். உரிம நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிடக் கடுமையான விளைவு, 17ஆம் பிரிவின்படி உரிமத்தையே நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும் என்பது. உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கொண்டாட்டமாக வானை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்பதும் முக்கியம். அடுகோடி வழியே செல்லும் ஓசூர் சாலை, அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தோடு துப்பாக்கியைப் பெங்களூருக்குக் கொண்டுவருபவர், எல்லையைக் கடந்த நொடியே அந்த உரிமத்தின் பாதுகாப்பை இழக்கிறார். இரு மாநிலங்களுக்கும் இடையே நாள்தோறும் போய்வரும் தமிழர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

பேரங்காடியும் கடையும் தனியார் சொத்து. விதிப்படி மூடிய உறையில் ஆயுதம் வைத்திருப்பவரையும் உள்ளே விட மறுக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு.

கடைவாசல் காவலர்கள்

அடுகோடியிலும் பெங்களூரின் மற்ற கடைத்தெருக்களிலும் பொதுமக்கள் கண்ணில் வழக்கமாகப் படும் துப்பாக்கிகள் இரண்டு வகை. ஒன்று, பணியில் உள்ள காவலரின் ஆயுதம். அரசுப் பணிக்காக ஏந்தும் ஆயுதங்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. மற்றொன்று, நகைக்கடை, வங்கி, பணம் ஏற்றும் வண்டி ஆகியவற்றின் பக்கத்தில் நிற்கும் ‘கன்மேன்’ கையிலுள்ள துப்பாக்கி. இந்தக் காவலர்களில் பலர் ராணுவத்தில் பணி முடித்தவர்கள். இவர்களை அமர்த்தும் நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

நகைக்கடைக் காவலரின் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி யாரையும் மிரள வைப்பதில்லை. சீருடையும் நிற்கும் இடமும் அது எதற்காக என்பதைச் சொல்லிவிடுகின்றன. அதே துப்பாக்கி, அறிமுகமில்லாத ஒருவரின் தோளில் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் அங்குள்ளவர்களுக்கு அவர் நோக்கத்தை அறிய எந்த வழியும் இல்லை. ஆயுதம் மூடியிருக்க வேண்டும் என்ற விதி இந்த அறியாமையிலிருந்து பிறக்கும் அச்சத்தைத் தடுக்கிறது.

தேர்தல் காலம்

தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமதாரர்கள் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க உத்தரவு வருவது வழக்கம். வங்கிக் காவலர்கள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள், உண்மையான உயிர் அச்சுறுத்தல் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆய்வுக்குப் பின் விலக்குத் தரப்படுகிறது.

2024 ஏப்ரல் 8 அன்று, பெங்களூரு தெற்கு மக்களவைத் தொகுதியில் முதலமைச்சர் சித்தராமையா பிரசாரம் செய்துகொண்டிருந்தபோது, ஒருவர் பிரசார வாகனத்தில் ஏறி அவருக்கு மாலை அணிவித்தார். மாலை அணிவித்தவரின் இடுப்பில் துப்பாக்கி இருந்தது படக்கருவிகளில் தெளிவாகப் பதிவானது. தற்காப்புக்காக உரிமம் பெற்றவர், ஒப்படைப்பதிலிருந்து விலக்கும் பெற்றவர் என்று காவல்துறை விளக்கியது. அடுகோடிக்குத் தொலைவில் இல்லாத பைரசந்திராவில் நடந்த அந்த நிகழ்வு, எதிர்க்கட்சியின் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆயுதம் வைத்திருக்க அனுமதி இருந்தாலும் கூட்டத்தில் அதைக் கொண்டுசெல்வது வேறு கேள்வி என்பதை அந்தச் சில நொடிக் காட்சி மாநிலம் முழுவதற்கும் உணர்த்தியது.

போலித் துப்பாக்கிகள்

2024 ஜூனில் வட பெங்களூரின் கொத்தனூர் காவல் எல்லையில், இன்ஸ்டாகிராமில் பின்தொடர்வோர் பலரைக் கொண்ட ஒருவர், ஏகே-47 போன்ற துப்பாக்கிகளை ஏந்திய மெய்க்காவலர்களுடன் வீதியில் வலம் வந்தார். பொதுமக்களை அச்சுறுத்தியதாக அவர் கைது செய்யப்பட்டார். விசாரணையில் அவை போலிகள் என்று தெரியவந்தது. பார்ப்பவருக்கு உண்மைத் துப்பாக்கிக்கும் பொம்மைக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டும் விளைவிக்கும் அச்சம் ஒன்றே. கைதைத் தடுக்கப் போலித் துப்பாக்கியைக் காட்டினாலும் குற்றமே என்று ஆயுதச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுவதும் அதனால்தான்.

குடகு விலக்கு

கர்நாடகத்திலேயே ஒரு பகுதி மக்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. குடகின் கொடவ இனத்தவரும் ஜம்மா நிலவுரிமை கொண்டவர்களும் 1861 முதல் இந்த விலக்கைப் பெற்றுவருகிறார்கள். மத்திய அரசு 2019-இல் இதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் இதைச் செல்லும் என்றது. செப்டம்பரில் வரும் கைல் பொலுது திருநாளில் கொடவர்கள் துப்பாக்கியைப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். இது குலமரபோடு பிணைந்த விலக்கு. பெங்களூருக் கடைத்தெருவில் ஆயுதத்தைக் காட்டித் திரியும் அனுமதி ஆகாது.

பிற நாடுகள்

அமெரிக்காவில் இந்த விவாதம் நேரடியாகக் கடைகளுக்குள்ளேயே நடந்தது. துப்பாக்கி உரிமை ஆர்வலர்கள் கடைகளுக்கு ஆயுதத்தோடு வரத் தொடங்கியபோது, 2013 செப்டம்பரில் ஸ்டார்பக்ஸும் 2014 ஜூலையில் டார்கெட்டும் அப்படி வர வேண்டாமென்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டன. 2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்சாஸின் எல் பாசோ வால்மார்ட் கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் உயிரிழந்தனர். ஐந்து நாள் கழித்து, மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள வால்மார்ட்டுக்குள் ஓர் இளைஞர் குண்டு துளைக்காத கவச உடையோடும் ரைஃபிளோடும் நுழைந்தார். தன் உரிமை மதிக்கப்படுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. ஆனாலும் கடையே காலியானது. அடுத்த மாதம் வால்மார்ட், வெளிப்படையாக ஆயுதம் ஏந்தி வர வேண்டாம் என்று அறிவித்தது. சட்டம் அனுமதித்ததை வணிகத்தால் தாங்க முடியவில்லை.

தமிழர்கள் மிகுதியாக வாழும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிலை நேர்மாறானது. சிங்கப்பூரின் 1973 ஆயுதக் குற்றச் சட்டமும், மலேசியாவின் 1971 துப்பாக்கிச் சட்டமும், குற்றச்செயலில் துப்பாக்கியால் சுடுவோருக்கு மரண தண்டனை வரை விதிக்கின்றன. அங்குள்ள கடைத்தெருக்களில் பொதுமக்கள் துப்பாக்கியைப் பார்ப்பது அரிது.

பொதுமக்கள் செய்யக்கூடியது

கடையில் யாரிடமாவது துப்பாக்கி தெரிந்தால், அவரோடு வாக்குவாதம் செய்யாமல், படம் எடுக்கவும் முயலாமல் விலகி, கடைக் காவலரிடம் தெரிவித்து, 112 எண்ணை அழைப்பது நல்லது. உரிமத்தைக் காட்டும்படி கேட்கும் அதிகாரம் ஆயுதச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல் அலுவலர்களுக்கு உண்டு. வாடிக்கையாளர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியதில்லை. உரிமம் வைத்திருப்பவரின் கடமை இன்னும் எளிது: கடைக்குச் செல்லும்போது துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுச் செல்லலாம். அடுகோடியின் கடைத்தெருவில் அறிமுகமில்லாத ஆயிரம் பேர் தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள். எதிரே வருபவர் தனக்குத் தீங்கு செய்யமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அவர்களால் அப்படி நடக்க முடிகிறது.