பஞ்சத்துக்குப் பிறந்த காணிக்கைப் பை

பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ ஞாயிறு ஆராதனைக்குப் போனவர்களுக்குக் காணிக்கைப் பையைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாட்டு தொடங்கும், வரிசை வரிசையாகப் பை நகரும், பிள்ளைகள் உள்ளங்கையில் வியர்த்துப்போன நாணயத்தோடு காத்திருப்பார்கள். எங்காவது புயல், வெள்ளம் என்று செய்தி வந்துவிட்டால் அறிவிப்பு நேரத்தில் ஒரு வரி கூடும்: வருகிற ஞாயிறு எடுக்கும் விசேஷ காணிக்கை நிவாரணத்துக்குப் போகும். வழக்கமான காணிக்கையோடு பிற்பாடு சேர்த்துக்கொண்ட ஏற்பாடு என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்ததோ தலைகீழ். முதலில் வந்தது நிவாரணம். குருவானவர் சம்பளமும் கோபுரச் செலவும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டவை.

கி.பி. 40களில், கிலவுதியு ராயன் காலத்தில், யூதேயாவில் பஞ்சம் வந்தது. சிரியாவின் அந்தியோகியா சபையார் தங்களால் முடிந்ததைத் திரட்டி, பர்னபா, பவுல் இருவர் கையிலும் கொடுத்தனுப்பினார்கள். சில ஆண்டுகள் கழித்து எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் மறுபடியும் பணம் சேர்த்தார். கொரிந்து சபைக்கு அவர் சொன்ன முறை எளிமையானது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். தான் வந்து நிற்கும்போது அவசர வசூல் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு இதுதான். பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவும் அவர் சம்மதிக்கவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் கூடவே வர வேண்டும், யாரும் சந்தேகப்பட இடமிருக்கக் கூடாது என்றார். காணிக்கைக்குத் தணிக்கை வந்ததும் அங்கேதான்.

அங்கிருந்து பெட்டி வட ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. கார்த்தேஜில் தெர்த்துல்லியன் 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்த செலவுப் பட்டியலில் அநாதைகள், முதியோர், ஏழைகளின் அடக்கச் செலவு ஆகியவற்றோடு கப்பல் உடைந்து எல்லாம் இழந்தவர்களும் இருக்கிறார்கள். கி.பி. 253 வாக்கில் நுமிதியாவில் கொள்ளையர் பிடித்துச் சென்றவர்களை மீட்க, கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் 1,00,000 செஸ்டெர்ஸ் அனுப்பினார். பணத்தோடு கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் போனது.

பிறகு திசை மாறியது. 1199இல் போப் 3ஆம் இன்னொசென்ட், கோயில்தோறும் மூன்று சாவி போட்ட பெட்டி வைக்கச் சொன்னார். ஒரு சாவி பேராயரிடம், ஒன்று பங்குக் குருவிடம், ஒன்று பக்தியுள்ள சபையார் ஒருவரிடம். பூட்டு பிரமாதம், ஆனால் உள்ளே விழுந்த காசு சிலுவைப் போருக்கு.

இங்கிலாந்து அந்தப் பழக்கத்தைத் துயர் துடைப்புக்குத் திருப்பியது, கூடவே வியாபாரிகளையும் உள்ளே விட்டது. ஒரு ஊர் தீப்பிடித்தால், வெள்ளத்தில் போனால், அரசர் முத்திரையிட்ட கடிதம் ஒன்று கோயில் கோயிலாக வாசிக்கப்படும். வாசித்த கையோடு வசூல் நடக்கும். 1666இல் லண்டன் எரிந்தபோதும் நாடு முழுக்க இப்படிப் பணம் சேர்ந்தது. கடிதங்களை அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பி, பணத்தைத் திரட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் தங்கள் பங்கை எடுத்தது போக மிச்சத்தைத்தான் அனுப்பினார்கள். 1661லேயே சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், வாரம் தவறாமல் வரும் இந்தக் கடிதங்களுக்கு இனிக் கொடுப்பதில்லை என்று எழுதிவைத்தார். 1828இல் அந்த முறையை ஒழித்தார்கள். ஆனாலும் 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்காக விக்டோரியா ராணியின் கடிதம் கோயில்களில் வாசிக்கப்பட்டபோது 1,70,000 பவுன் சேர்ந்தது. அதே ஆண்டு இரண்டாவது கடிதம் வந்தது. கிடைத்தது சுமார் 30,000 பவுன். பசி தீரும் முன்பே கொடுக்கிற கை அலுத்துவிடுகிறது. நிவாரணத்தின் தீராத நோய் இது.

தாமிரபரணிக் கரைக்குக் காணிக்கை வந்த வழி வேறு. அது ஜெர்மனி வழி. 1695இல் ஹாலே நகருக்கு வெளியே குருவானவராக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே தன் வீட்டில் ஏழைகளுக்காக ஒரு உண்டியல் வைத்திருந்தார். ஒருநாள் அதில் மொத்தமாக 4 தாலரும் 16 குரோஷனும் கிடந்தன. அந்தக் காசில் புத்தகம் வாங்கி, ஒரு மாணவரை அமர்த்தி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். அதுவே பெரிய அநாதை விடுதியாக, மருந்து விற்று வருமானம் காணும் நிறுவனமாக வளர்ந்தது. ஹாலேயில் படித்த மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கிருந்து போன கடிதங்களை ஹாலே அச்சிட்டுப் பரப்பியது. வாசித்தவர்கள் பணம் அனுப்பினார்கள்.

அந்த வரிசையில் வந்தவர் தஞ்சாவூர் சுவார்ட்ஸ். ஹைதர் அலியின் படையெடுப்பு வருவதற்குள், விலை மலிவாக இருந்தபோதே நெல் வாங்கிச் சேர்த்துவைத்து, பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். 1780இல் பாளையங்கோட்டையில் 40 பேரோடு ஒரு சபை பதிவேட்டில் ஏறியது. அதன் முன்னோடி குளோரிந்தா என்ற விதவை. அவர் கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில்.

இந்த ஆற்றங்கரையில் காணிக்கை செய்த புதுமை, அது ஊராக மாறியது. புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்கு அன்று வந்த பேரிடர் மழையிலிருந்து வரவில்லை. எதிர்த்தவர்கள் வீட்டைக் கொளுத்தினார்கள், கிணற்றை மறித்தார்கள், நிலத்தை விட்டு விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்களுக்கென 1799இல் முதலூர் எழுந்தது. சாமுவேல் சாயர் என்ற வணிகர் வாங்கித் தந்த நிலத்தில் சாயர்புரம் வந்தது. பிரஷ்யாவின் டோனா பிரபு அனுப்பிய பணம் டோனாவூராக நிற்கிறது. 1820இல் பாளையங்கோட்டை வந்த மிஷனெரி ரேனியஸ் 1830இல் இந்த உதவிக்கு ஒரு அமைப்பே உண்டாக்கினார். பெயர் தர்ம சங்கம். நிலம் வாங்கி, துரத்தப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றுவது அதன் வேலை. இன்று பேரிடருக்குப் பின் நிரந்தர வீடு கட்டித் தருவதை மறுவாழ்வு என்கிறோம். தேரிக்காட்டு மணலில் அது ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது.

அடுத்த சோதனை 1876-78 பெரும்பஞ்சம். லண்டன் மேயரின் நிதிக்கு 6 லட்சம் பவுனுக்கு மேல் குவிந்தது. ஆங்கிலக் கோயில்களின் வசூலும் இந்தியாவுக்குக் கப்பலேறியது. 1877இல்தான் திருநெல்வேலி மிஷனெரிகள் கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் உதவிப் பேராயர்கள் ஆனார்கள். அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திருநெல்வேலிச் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகவா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்விதான். பசித்தவரிடம் ஒன்றும் எதிர்பாராமல் போடுகிற சோறுதான் நிவாரணம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பணம் இல்லாத வீட்டுக்கும் வழி இருந்தது. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அது சேர்ந்து கோயிலுக்குப் போகும். இந்தப் பிடி அரிசிக்கு மத வேலி கிடையாது. வடக்கே விருதுநகரில் நாடார்கள் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தும், வியாபாரத்தில் மகமை பிடித்தும் 1889இல் ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசி இன்றும் அங்கே சபை வருமானத்தின் பெரிய தூண்.

அரிசியைப் போலவே கோழியும் கருப்பட்டியும் வந்தன. 1843இல் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ கிராமத்தில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் நன்றி ஆராதனை ஒன்று ஏற்பாடு செய்தார். கோதுமை நாட்டின் அந்த அறுப்பின் பண்டிகை உலகமெங்கும் பரவி, பனைநாட்டில் வேறு உருவம் எடுத்தது. ஆராதனை முடிந்ததும் பூசணி, முருங்கைக்காய், சேவல், பனங்கிழங்கு எல்லாம் வாசலில் அடுக்கப்படும். ஏலம் விடுகிறவர் ஒற்றை எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுப்பார். எடுத்தவர் காசையும் கொடுத்து, பழத்தையும் திருப்பி வைப்பார், மறுபடி ஏலம் போட. ஒரே பழம் மூன்று பேருக்கு விற்கும், மூவருக்கும் சந்தோஷம்.

1903 பிப்ரவரி 12 அன்று வெள்ளாளன்விளைக்காரரான வேதநாயகம் அசரியாவும் நண்பர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதுவரை வாங்கிய திருநெல்வேலி மாவட்டம் நிஜாம் நாட்டின் தோர்னக்கல்லுக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஆனாலும் மேற்கிலிருந்து வருவது நிற்கவில்லை. 1959இல் பெர்லினில் தொடங்கிய 'பிரோட் ஃபியூர் டி வெல்ட்' இயக்கத்தின் முதல் வசூல் இந்தியாவின் பசிக்காக. மேற்கு ஜெர்மனியோடு கிழக்கு ஜெர்மனிச் சபைகளும் அதில் கைகோத்தன. ஃபிராங்கேயின் ஹாலே அன்று இருந்தது கிழக்கில். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு எந்த நாட்டுக் காணிக்கையும் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில் இறங்கித்தான் இந்த ஊருக்கு வர முடியும்.

வெள்ளம் அவ்வளவு நேரம் தராது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், கேரல் ரவுண்ட்ஸ் நடக்கும் நாட்களில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரையை உடைத்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அதில் சுமார் 800 பேர். முதலில் சோறு கொண்டுவந்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். வீட்டில் இருந்ததைப் போட்டுச் சமைத்து, யார் எவர் என்று கேட்காமல் பரிமாறினார்கள். ஹெலிகாப்டர் பொட்டலங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. 19ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டார்கள்.