ஆர்க்கிட்: பெயரிடலும் வளர்ப்பும்

ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 சிற்றினங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களில் இந்த எண்ணிக்கையோடு போட்டியிடக்கூடியது சூரியகாந்திக் குடும்பம் ஒன்றே. மனிதர்கள் கலந்து உருவாக்கிப் பதிவு செய்த கலப்பினங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுகின்றன. இத்தனைக்கும் பெயர் தேடியதில் பிரபுக்கள், செடி வணிகர்கள், குரங்கு, ரத்தக்காட்டேரி என எல்லாமே பெயர்ப்பட்டியலில் ஏறிவிட்டன. இவற்றில் சில பெயர்கள் செடியை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகின்றன. பல பெயர்கள் அது யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன.

கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பார்த்தவை தரையில் முளைக்கும் ஆர்க்கிட்டுகள். மண்ணுக்கடியில் அவற்றுக்கு இரட்டைக் கிழங்கு இருக்கும். அதன் வடிவத்தை வைத்து, விரை எனப் பொருள்படும் ‘ஆர்கிஸ்’ என்ற சொல்லால் அவற்றைக் குறித்தார். குடும்பம் முழுவதற்கும் அதுவே பெயராயிற்று.

மலபாரில் வழக்கு வேறாக இருந்தது. டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ நூலின் 12ஆம் தொகுதியில் (1693) மரங்களில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுகள் ‘மரவாழை’ என்ற உள்ளூர்ப் பெயரோடு இடம்பெற்றன. அவற்றில் ஒன்று ‘ஆஞ்ஞிலி மரவாழை’. ஆஞ்ஞிலி என்பது தமிழில் அயினி எனப்படும் மரம். செடியைத் தேடுபவர் எந்த மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது பெயரிலேயே இருந்தது. 1753இல் லின்னேயஸ் மரத்தில் தொற்றும் ஆர்க்கிட்டுகளைப் பெரும்பாலும் ‘எபிடெண்ட்ரம்’ என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். இந்தச் செடி ‘எபிடெண்ட்ரம் ரெடூசம்’ ஆனது. அயினி மரம் பெயரிலிருந்து மறைந்தது. இன்று ‘ரிங்கோஸ்டைலிஸ் ரெடூசா’ எனப்படும் இதுவே அசாமின் மாநில மலரான கொபௌ. பிஹு நடனம் ஆடும் பெண்கள் கொண்டையில் சூடுவது இதைத்தான்.

19ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிட் பணக்காரர்களின் மோகமாயிற்று. பிரேசிலிலிருந்து வந்த செடியைப் பூக்க வைத்த வில்லியம் கேட்லியின் பெயரால் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி ‘கேட்லியா’ பேரினத்தை அமைத்தார். டெவன்ஷயர் கோமகன் 1835இல் ஜான் கிப்சனை அனுப்பிக் காசி மலைகளிலிருந்து செடிகளை வரவழைத்தார். அதன் பலனாக ‘டெண்ட்ரோபியம் டெவோனியானம்’, ‘டெண்ட்ரோபியம் கிப்சோனி’ என்ற பெயர்கள் வந்தன. கோமகனும் ஊழியரும் பெயரில் நிலைத்தார்கள். குளிர்ந்த மலை நிலைக்கவில்லை. வெப்பமண்டலம் என்றாலே கொதிக்கும் சூடு என்று அன்றைய தோட்டக்காரர்கள் நம்பியதால், மலைச் செடிகளையும் காற்றுப் புகாத கண்ணாடிக் குடில்களில் அடைத்து ஏராளமாகச் சாகடித்தார்கள். கோமகனின் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் காற்றோட்டத்தைக் கூட்டி, வெப்பத்தைக் குறைத்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

லிண்ட்லிக்குப் பின் பெயர் சூட்டும் அதிகாரம் ஜெர்மானியரான ஹெய்ன்ரிஷ் குஸ்டாவ் ரைஷன்பாக்கின் கைக்குப் போனது. 1889இல் அவர் இறந்தபோது உயில் எல்லோரையும் திகைக்க வைத்தது. தம் உலர்தாவரத் தொகுப்பை வியன்னா அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்து, 25 ஆண்டுகள் யாரும் திறக்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டிருந்தார். ஒரு பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதற்கு மூலமாதிரியே சான்று. அது பூட்டிக் கிடந்ததால் ஒரே செடிக்குப் புதுப்பெயர்கள் குவிந்தன. ஆர்க்கிட் வரலாற்றில் ஒரு தனிமனிதர் செய்த பெருங்கேடு இதுதான்.

இதற்கு முன்பே, 1856இல், ஜான் டொமினி உருவாக்கிய முதல் செயற்கைக் கலப்பினம் பூத்துவிட்டது. பேரினங்களையே கலக்கத் தொடங்கியதும் பெயர்களும் கலந்தன: ‘பிராசோலேலியோகேட்லியா’ மூன்று பேரினங்களின் ஒட்டு. நான்கைக் கலந்தால் ஒட்டுப் பெயர் நாக்கில் நிற்காது என்பதால், ஒருவர் பெயருடன் ‘ஆரா’ சேர்க்கும் முறை வந்தது; ‘பொடினாரா’ அப்படிப் பிறந்தது. 1906இல் செடி வணிகர் சாண்டர் தொடங்கிய கலப்பினப் பதிவேட்டை இன்று பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் நடத்துகிறது.

சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் தோட்டத்தில் பூத்து, 1893இல் ஹென்றி ரிட்லி விவரித்த ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ 1981இல் தேசிய மலராயிற்று. இன்று அதன் முறையான பெயர் ‘பாப்பிலியோனந்தே மிஸ் ஜோக்கிம்’. பலர் இதை வீண் குழப்பம் என்கிறார்கள். செடியை அருகில் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. வாண்டாக்கள் பலவற்றின் இலை பட்டையாக இருக்கும்; இதன் இலை உருண்டு திரண்டது. கொடிபோல் உயர்ந்துகொண்டே போகும், கொம்பு நட்டுக் கட்ட வேண்டும், முழு வெயில் பட்டால்தான் பூக்கும்.

‘டிராகுலா’ என்ற ஆர்க்கிட் பேரினத்தின் பெயர்மாற்றமும் அப்படித்தான். 1872இல் ரைஷன்பாக் ‘மஸ்டெவாலியா கைமேரா’ என்று விவரித்த செடியையும் அதன் உறவுகளையும் 1978இல் கார்லைல் லூயர் தனிப் பேரினமாகப் பிரித்தார். புல்லிதழ்கள் நீண்ட வால்களாகத் தொங்கும். ‘டிராகுலா சிமியா’வின் நடுவே குரங்கு முகம் தெரியும். கீழிதழ் காளானின் அடிப்புறம்போல் மடிப்பு மடிப்பாக இருக்கும். டிராகுலா இனங்கள் சிலவற்றில் காளான் வாசனையும் வீசும். காளானை நாடும் சிறு ஈக்கள் ஏமாந்து வந்து மகரந்தம் சுமக்கும். ஈக்வடார், கொலம்பியா மேகக் காடுகளில் வாழும் இவற்றுக்கு நீர் சேமிக்கும் தண்டுக்கிழங்கு கிடையாது. எனவே ஈரம் குறையக் கூடாது. பகல் வெப்பத்தை ஏறத்தாழ 25 பாகைக்குள் வைத்து, இரவில் குளிர்விப்பது வழக்கம். பல இனங்களில் பூந்தண்டு கீழ்நோக்கி இறங்கும். மூடிய தொட்டியில் வைத்தால் பூ உள்ளேயே முட்டி அழுகும். பாசி நிரப்பிய கம்பிக் கூடைதான் சரி.

தென்னிந்தியாவுக்கே உரிய ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்றுதான்: அகத்தியமலைப் பகுதியின் ‘பாபியோபெடிலம் ட்ரூரி’. கர்னல் ஹீபர் ட்ரூரியின் பெயரைத் தாங்கிய இந்த மஞ்சள் மலர், சேகரிப்பாளர்களின் ஆசையாலும் காட்டுத்தீயாலும் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. இதன் பேரினம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், காட்டில் பிடுங்கிய செடிகளின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை உண்டு. ஆர்க்கிட் வாங்குவோர் நாற்றங்காலில் வளர்ந்த செடியையே கேட்டு வாங்க வேண்டும். பெயர்ச்சீட்டில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும், தெரிந்தால் பிறந்த மலையையும் அதன் உயரத்தையும் எழுதி வைக்க வேண்டும்.