பெடோக்கில் கயாக் ஓட்டலாம், நீந்தக்கூடாது... ஏன்?

பெடோக் நீர்த்தேக்கத்தைப் பார்த்தால் இயற்கை ஏரி மாதிரியே இருக்கும். சுற்றி 4.3 கிலோமீட்டர் ஓட்டப் பாதை, மரநிழல், நடுவில் கயாக், டிராகன் படகு. ஆனால் அது மனிதர்கள் தோண்டிய குழி. முன்பு அங்கே மணல் குவாரி இருந்தது. 1986இல் அது நீர்த்தேக்கமானது. சுற்றியுள்ள வீவக பேட்டைகளில் பெய்யும் மழைநீர் கால்வாய்கள் வழியாகச் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு, உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

படகுக்கு இந்த மாதிரி இடம் ரொம்பத் தோது. கடல் மாதிரி அலை இல்லை, நீரோட்டம் இல்லை, கப்பல் வராது. முதன்முதலாகத் துடுப்பு பிடிப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையம் அங்கேயே இருக்கிறது.

சரி, அப்படின்னா ஏன் நீந்தக்கூடாது?

கடற்கரையில் இறங்கினால் முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், பிறகு இடுப்பு. ஆழம் வருவது உங்களுக்கே தெரியும். தோண்டிய குழிகளில் அப்படி இல்லை. மணலும் கல்லும் அள்ளிய இடத்தில் கரை சட்டென்று செங்குத்தாக இறங்கலாம். இரண்டு எட்டு வைத்தால் தரை இருக்காது. திரும்பி ஏறப் பார்த்தால் கைப்பிடிக்குள் மண் சரியும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மூழ்கியவரைத் தேடுவதும் சிரமம். பெடோக்கின் சராசரி ஆழமே சுமார் 9 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று மாடி.

கயாக்கில் போகிறவருக்கும் அதே ஆழம்தான். வித்தியாசம் உயிர்காப்பு அங்கி. கூடவே பயிற்றுவிப்பாளர், மின்னல் எச்சரிக்கை வந்தால் உடனே கரையேறும் விதி. நீச்சல் தெரியும் என்று அங்கியைக் கழற்றுவது சும்மா வீம்பு.

எல்லாக் குவாரியும் படகுக்கு ஏற்றதல்ல. புக்கிட் தீமாவின் ஹிண்டீட் குவாரியை மேடையில் நின்று பார்க்க மட்டும்தான் முடியும்.

மலேசியாவில் ஈயம் எடுத்த குட்டைகளுக்கும் இதே கதை. தைப்பிங் ஏரிப் பூங்காவும் சன்வே லகூனும் பழைய ஈயச் சுரங்க நிலம்தான். ஆனால் வேலி இல்லாத, யாரும் கண்காணிக்காத குட்டைகளும் உண்டு. பள்ளி விடுமுறையில் குளிக்கப்போய் உயிர்விட்டவர்களைப் பற்றி நீங்களும் செய்தியில் படித்திருப்பீர்கள்.

நண்பர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதவை வளையம், கயிறு, காலி போத்தல், கையில் கிடைப்பதை எறியுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.